நிலக்கரியிலிருந்து கடற்காற்றுக்கு: ஓர்ஸ்டெட் நிறுவனம், ஒரு நிகழ்வு ஆய்வு

பருவநிலை மாற்றத்தை முன்னிட்டுத் தொழிலையே மாற்றிக்கொண்ட நிறுவனம் எது என்று மேலாண்மை வகுப்பில் கேட்டால், டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் பெயர்தான் முதலில் வரும். எண்ணெய், எரிவாயு, நிலக்கரி என்று புகையில் வளர்ந்த ஓர் அரசு நிறுவனம், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உலகின் மிகப் பெரிய கடல் காற்றாலை நிறுவனமானது. 2020இல் கார்ப்பரேட் நைட்ஸ் என்ற கனடிய இதழ், சுற்றுச்சூழல் பொறுப்பில் உலக நிறுவனங்களிலேயே அதற்கு முதலிடம் கொடுத்தது. பாடம் பெரும்பாலும் இங்கேயே முடித்துவைக்கப்படுகிறது. அடுத்த நான்காண்டுகளில் அதே நிறுவனம் அமெரிக்கத் திட்டங்களைக் கைவிட்டு, ஈவுத்தொகையை நிறுத்தி, ஆட்களைக் குறைத்ததைச் சொல்பவர்கள் குறைவு. சொல்பவர்களோ, பசுமைத் தொழில் தேறாது என்பதற்கு அதைச் சாட்சியாக நிறுத்துகிறார்கள்.

இரு தரப்பும் பாதிக் கதையோடு நிற்கின்றன என்பது என் எண்ணம். நிலக்கரிக்குப் பதில் காற்று என்று சரக்கு மாறியது கண்ணுக்குத் தெரிந்த மாற்றம். அதற்கு அடியில், நிறுவனம் சுமக்கும் ஆபத்தே வேறாகிவிட்டது. ஓர்ஸ்டெட்டின் ஏற்றம், சறுக்கல் இரண்டுக்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது.

புறப்பட்ட இடம்

1972இல் வடகடலின் எண்ணெய், எரிவாயு வளத்தைக் கையாள டென்மார்க் அரசு தொடங்கிய நிறுவனம் இது. அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்தது. இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்த நாடு, சொந்தக் கடலில் கிடைத்ததைத் தோண்டவும், மின்நிலையங்களில் எண்ணெய்க்குப் பதில் நிலக்கரியை எரிக்கவும் திரும்பியது. 2006இல் இந்த நிறுவனமும் நாட்டின் மின் உற்பத்தி, விநியோக நிறுவனங்கள் ஐந்தும் ஒன்றாக இணைக்கப்பட்டு, டாங் எனர்ஜி என்ற பெயரில் ஒரே பெரிய நிறுவனமாயின. டென்மார்க்கின் மொத்தக் கரிம உமிழ்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரே நிறுவனத்தின் கணக்கில் வந்தது.

இணைந்த நிறுவனங்களோடு சில காற்றாலைகளும் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்று விண்டெபி. 1991இல் லோலன் தீவுக்கு அருகே ஆழம் குறைந்த கடலில் நட்ட பதினொரு டர்பைன்கள், மொத்தம் 5 மெகாவாட்; உலகின் முதல் கடல் காற்றாலை அதுதான். 25 ஆண்டு உழைத்து 243 கிகாவாட் மணி மின்சாரம் கொடுத்துவிட்டு 2017இல் பிரித்தெடுக்கப்பட்டது. அந்த ஆண்டில் கிடைத்த பெரிய டர்பைன்கள் ஏழு இருந்தால், அவ்வளவையும் ஒரே ஆண்டில் கொடுத்துவிடும். 2006இன் கணக்குப் புத்தகத்தில் இதெல்லாம் ஓரத்தில் கிடந்த சில்லறை. நிறுவனத்தின் பொறியாளர்களுக்குக் கொதிகலன் தெரியும், நீராவி தெரியும். ஐரோப்பாவிலேயே திறன் மிகுந்த அனல்மின் நிலையங்களை நடத்துகிறோம் என்ற பெருமையும் அவர்களுக்கு இருந்தது. காரணமில்லாத பெருமை என்றும் சொல்ல முடியாது.

லுப்மின்: முதல் அடி

வெளிநாட்டில் விரிவடைய வேண்டும் என்று முடிவானபோது, நிறுவனம் தனக்குத் தெரிந்த தொழிலையே எடுத்துச் சென்றது. ஜெர்மனியின் பால்டிக் கரையில், கிரைஃப்ஸ்வால்டு நகருக்குப் பக்கத்தில் உள்ள லுப்மினில் 1,600 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்டத் திட்டமிட்டார்கள். வேலைவாய்ப்பு குறைந்த கிழக்கு ஜெர்மனியில் பெரிய முதலீடு. கைதட்டிக் கூப்பிடுவார்கள் என்ற நினைப்பு. நடந்தது நேர்மாறு. சுடுநீர் வந்து விழப்போகும் ஆழமற்ற வளைகுடாவை நினைத்தும், கடற்கரைச் சுற்றுலாவை நினைத்தும், கரிமத்தை நினைத்தும் ஊர் எதிர்த்தது. ஆண்டுக்கணக்கில் இழுபட்ட திட்டத்தை 2009 டிசம்பரில் டாங் கைவிட்டது. அதே மாதத்தில் உலகத் தலைவர்கள் கோபன்ஹேகனில் பருவநிலை மாநாட்டுக்குக் கூடியிருந்தார்கள் என்பது தற்செயல்தான்.

பருவநிலை மாற்றம் ஒரு நிறுவனத்தை வந்தடையும் வழியை இங்கே பார்க்கலாம். டாங்கின் எந்த மின்நிலையத்தையும் புயல் சாய்க்கவில்லை, வெள்ளம் மூழ்கடிக்கவில்லை. அனுமதி கிடைக்காமை, மக்களின் எதிர்ப்பு, 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் தொடங்கிய உமிழ்வு உரிமங்களின் வணிகத்தால் ஒவ்வொரு டன் கரிமத்துக்கும் ஏறிய விலை என்று காகித வழியாகவே அது வந்தது. நாற்பது ஆண்டு ஓட வேண்டிய மின்நிலையத்துக்கு இன்று பணம் போட்டால், இருபதாம் ஆண்டில் அதை ஓட்டவிடுவார்களா என்ற கேள்விக்கு இயக்குநர் குழுவில் எவராலும் துணிந்து பதில் சொல்ல முடியவில்லை.

எதிர்ப்பு வலுத்துக்கொண்டிருந்த 2008இல்தான், அப்போதைய தலைமைச் செயல் அலுவலர் ஆண்டர்ஸ் எல்ட்ரப் புதிய இலக்கை முன்வைத்தார். உற்பத்தியில் 85 விழுக்காடு புதைபடிவ எரிபொருள், 15 விழுக்காடு பசுமை ஆற்றல் என்றிருந்த கணக்கை 2040க்குள் தலைகீழாக்குவது. 32 ஆண்டு கெடு. அறிவித்தவரோ கேட்டவர்களில் பெரும்பாலோரோ அன்று பதவியில் இருக்கப்போவதில்லை. இப்படிப்பட்ட அறிவிப்புகளை நான் பொதுவாக நம்புவதில்லை. ஆனால் இங்கே அறிவிப்புக்குப் பின்னாலேயே செலவும் வந்தது. 2009இல் சீமென்ஸிடமிருந்து 500 டர்பைன்கள் வரை வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். கடலில் டர்பைன் நடும் கப்பல்களை வைத்திருந்த ஏ2சீ நிறுவனத்தையே விலைக்கு வாங்கினார்கள். அதுவரை ஒவ்வொரு கடல் காற்றாலையும் தனித்தனிக் கட்டுமானமாக இருந்தது. ஒரே வகை டர்பைன், ஒரே குழு, கையில் சொந்தக் கப்பல் என்றானதும், அது தொழிற்சாலை வரிசை வேலையின் தன்மைக்கு வந்தது. பின்னாளில் செலவு சரிந்ததற்கு விதை இந்த இரண்டு ஒப்பந்தங்களில் இருக்கிறது.

2012: கொள்கையை நகர்த்திய கடன்

85க்கு 15 என்ற முழக்கம் மட்டும் நிறுவனத்தை மாற்றியிருக்காது. மாற்றியது பண நெருக்கடி. அமெரிக்காவில் பாறையிடுக்கு எரிவாயு பெருகி உலகச் சந்தையின் கணக்கு குலைந்தது. ஐரோப்பாவில் மின்சாரத்தின் மொத்த விலையும் விழுந்தது. எண்ணெய் விலையோடு பிணைத்த நீண்டகால ஒப்பந்தங்களில் டாங் எரிவாயுவை விலை கூடுதலாக வாங்கி, சந்தையில் மலிவாக விற்க வேண்டியதாயிற்று. எரிவாயு மின்நிலையங்களின் மதிப்பு ஏட்டில் வெட்டப்பட்டது. 2012 நட்டத்தில் முடிந்தது. கடன் தரமதிப்பீடு இறங்கியது. எல்ட்ரப் அந்த ஆண்டு மார்ச்சில் வெளியேற, தொலைத்தொடர்புத் துறையிலிருந்து வந்த ஹென்ரிக் போல்சன் ஆகஸ்டில் பொறுப்பேற்றார்.

இத்தகைய நிலையில் ஒரு புதிய தலைவர் செலவைக் குறைத்து, நல்ல காலம் வரும்வரை காத்திருப்பார். போல்சன் நிறுவனத்தின் ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியே எடுத்து, உலக அளவில் போட்டி போடும் வலு எதில் இருக்கிறது என்று பார்த்தார். கடல் காற்றாலை ஒன்றுதான் தேறியது. மற்றவை ஒவ்வொன்றாக விற்பனைக்குப் போயின. கையில் பணமில்லாத நிறுவனம், துறையிலேயே மிக அதிக முதலீடு கேட்கும் தொழிலைத் தேர்ந்தெடுத்தது! அதற்கு வெளியாள் பணம் வேண்டியிருந்தது. அமெரிக்க முதலீட்டு வங்கியான கோல்ட்மேன் சாக்ஸ் ஏறத்தாழ 800 கோடி க்ரோன் (டென்மார்க் நாணயம்) போட்டு சுமார் 18 விழுக்காடு பங்கை வாங்க முன்வந்தபோது டென்மார்க் கொந்தளித்தது. நாட்டின் மின்சாரத்தை வால் ஸ்ட்ரீட்டுக்கு விற்கிறார்கள் என்ற கோபத்தில் 2014 ஜனவரியில் கூட்டணிக் கட்சி ஒன்று அரசிலிருந்தே விலகியது. 2016 ஜூனில் பங்கு ஒன்று 235 க்ரோன் என்று பொதுச்சந்தைக்கு வந்தபோது கோல்ட்மேனுக்குக் கிடைத்த ஆதாயம், அந்தக் கோபத்துக்கு மறுபடியும் எண்ணெய் ஊற்றியது.

காற்றின் கணக்கு

இந்த ஆய்வில் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. நிலக்கரி மின்நிலையத்தில் கட்டும் செலவு ஒரு பங்கு என்றால், ஓடும் காலம் முழுக்க எரிபொருளுக்குக் கொடுப்பது அதைவிடப் பெரிய பங்கு. நிலக்கரி விலை ஏறினால் லாபம் குறையும். மின்சாரம் விலைபோகாத நாளில் உலையை அணைத்துவிட்டுச் செலவையும் நிறுத்தலாம். கடல் காற்றாலையில் எரிபொருள் இலவசம். வாழ்நாள் செலவில் பெரும்பகுதி, முதல் யூனிட் மின்சாரம் வரும் முன்பே டர்பைனாகவும் எஃகுத் தூணாகவும் கடலடிக் கேபிளாகவும் கடலில் இறங்கிவிடுகிறது. பிறகு அணைப்பதற்கு எதுவும் இல்லை. வாடகை வீட்டில் இருப்பவருக்கும், கடன் வாங்கி வீடு கட்டியவருக்கும் உள்ள வேறுபாடுதான். பின்னவருக்கு மாதாமாதம் வயிற்றைக் கலக்குவது வட்டி விகிதம்.

ஆகவே டாங்குக்கு இரண்டு தேவைப்பட்டன. ஒன்று, பதினைந்து இருபது ஆண்டுக்கு விலை இன்னதென்று முன்கூட்டியே தெரிவது. இன்னொன்று, மலிவான பொறுமையான பணம்.

விலையை அரசுகள் கொடுத்தன. பிரிட்டன் கொண்டுவந்த ஒப்பந்த முறையில் ஒரு மெகாவாட் மணிக்கு உறுதி விலை ஒன்று குறிக்கப்படும். சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசம் நிறுவனத்துக்கு வரும். மேலே போனால் நிறுவனம் திருப்பிக் கட்டும். உறுதி விலை நுகர்வோர் விலைக் குறியீட்டோடு ஆண்டுதோறும் ஏறும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பணத்தை ஓய்வூதிய நிதியங்கள் கொடுத்தன. டாங் காற்றாலையைத் திட்டமிடும், அனுமதி வாங்கும், கட்டும். பாதிப் பங்கை ஓய்வூதிய நிதியத்துக்கு விற்கும். வந்த பணத்தில் அடுத்த காற்றாலையைத் தொடங்கும். இயக்கும் வேலையும் அதற்கான கட்டணமும் தன்னிடமே இருக்கும். 2011இல் 400 மெகாவாட் அன்ஹோல்ட் காற்றாலையின் பாதியை பென்ஷன்டான்மார்க், பி.கே.ஏ. என்ற இரண்டு நிதியங்கள் வாங்கின. அடுத்த ஆண்டு போர்க்கும் ரிஃப்கிரண்ட் காற்றாலையில் 32 விழுக்காட்டை வாங்கியது, லெகோ பொம்மை நிறுவனத்தை வைத்திருக்கும் குடும்பத்தின் முதலீட்டு நிறுவனம். முப்பது ஆண்டு கழித்து ஓய்வூதியம் கொடுக்க வேண்டியவருக்கு, ஆண்டுதோறும் சீராக வரும் மின்கட்டண வருவாய் இனித்தது. கட்டுமானத்தின் தலைவலி அவருக்கு வேண்டாம். டாங்குக்கு அந்தத் தலைவலிதான் கைவந்த கலை.

என்னைக் கேட்டால், ஓர்ஸ்டெட்டின் உண்மையான கண்டுபிடிப்பு டர்பைனில் இல்லை, இந்தப் பங்கு விற்பனை ஏற்பாட்டில் இருக்கிறது. மின்சாரம் விற்ற நிறுவனம், கட்டிய காற்றாலைகளை விற்கும் நிறுவனமாகவும் ஆனது. ஆண்டு லாபத்தில் கணிசமான பகுதி இந்த விற்பனையிலிருந்தே வந்தது. வாங்க ஆள் இருக்கும்வரை சக்கரம் சுற்றும்.

சுற்றவும் செய்தது. செலவை மெகாவாட் மணிக்கு 100 யூரோவுக்குக் கீழே 2020க்குள் கொண்டுவருவோம் என்று நிறுவனம் இலக்கு வைத்திருந்தது. 2016லேயே நெதர்லாந்தின் போர்செலே ஏலத்தில் 72.70 யூரோ கேட்டு வென்றது. 2017இல் ஜெர்மனியில் இரண்டு திட்டங்களை மானியமே வேண்டாம் என்று எடுத்தது. பிரிட்டனின் ஹார்ன்சீ கடல் காற்றாலை வரிசையைப் பார்த்தால் சரிவு இன்னும் துலக்கமாகத் தெரியும். 2012ஆம் ஆண்டின் விலைவாசியில், முதல் திட்டத்துக்கு 140 பவுண்டு, இரண்டாவதற்கு 57.50, 2022இல் மூன்றாவதற்கு 37.35. கரையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில் 174 டர்பைன்களோடு நிற்கிறது ஹார்ன்சீ 1, 1,218 மெகாவாட். ஒருகாலத்தில் மீன்பிடிக்குப் பேர்போன கிரிம்ஸ்பி துறைமுகத்திலிருந்து பராமரிப்புக் கப்பல்கள் போய்வருகின்றன. தொழில்நுட்பப் பணியாளர்கள் வாரக்கணக்கில் கப்பலிலேயே தங்கி வேலை பார்க்கிறார்கள்.

85 விழுக்காடு பசுமை என்ற 2040 இலக்கு, 2019லேயே எட்டப்பட்டது. 21 ஆண்டு முன்னதாக.

கழன்று போகாத பழைய தொழில்

2017இல் எண்ணெய், எரிவாயு எடுக்கும் பிரிவை வேதிப்பொருள் நிறுவனமான இனியோஸுக்கு 100 கோடி டாலருக்கு மேல் விற்றார்கள். அதே ஆண்டு பெயரும் மாறியது. 1820இல் மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவைக் கண்ட டென்மார்க் அறிவியலர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட்டின் பெயர் வைக்கப்பட்டது. 2023க்குப் பின் நிலக்கரி இல்லை என்றும் அறிவித்தார்கள்.

அந்த வாக்கு தவறியது, தவறவைத்தது உக்ரைன் போர். 2022 அக்டோபரில், எரிவாயு பற்றாக்குறையைக் காட்டி, மூட இருந்த நிலக்கரி நிலையங்களை 2024 ஜூன் வரை ஓட்டுமாறு டென்மார்க் அதிகாரிகளே உத்தரவிட்டார்கள். எஸ்பியர் நகரின் கடைசி நிலக்கரி நிலையம் 2024 ஆகஸ்டில்தான் அணைந்தது. எண்ணெய்க் கிணறுகளை விற்ற பிறகும் ரஷ்யாவின் காஸ்ப்ரோமோடு போட்ட நீண்டகால எரிவாயு ஒப்பந்தம் ஒட்டிக்கொண்டிருந்தது. ரூபிளில் பணம் கட்ட மறுத்ததால் 2022 ஜூனில் ரஷ்யாவே குழாயை மூடியது. சொத்தை விற்பது எளிது, ஒப்பந்தத்தை உதறுவது கடினம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய நிலக்கரி நிலையங்கள் பலவற்றில் இப்போது மரத்துகள் உருண்டைகளும் மரச்சில்லுகளும் எரிகின்றன. ஐரோப்பிய விதிப்படி அது பசுமைக் கணக்கில் சேரும். காட்டை எரித்துவிட்டுத் திரும்ப வளரும் என்று கணக்கெழுதுவது சரியா என்ற சண்டை அறிவியலாளர்களிடையே ஓயவில்லை. ஓர்ஸ்டெட்டின் 85 விழுக்காட்டைப் பாராட்டும்போது அதில் மரத்தின் பங்கும் உண்டு என்பதை மறக்கலாகாது.

அமெரிக்காவில் உடைந்த கணக்கு

2018இல் அமெரிக்காவின் டீப்வாட்டர் விண்ட் நிறுவனத்தை 51 கோடி டாலருக்கு வாங்கி ஓர்ஸ்டெட் அங்கே கால் பதித்தது. மறு ஆண்டு நியூ ஜெர்சி மாநிலம் 1,100 மெகாவாட் ஓஷன் விண்ட் 1 திட்டத்தை அதற்குக் கொடுத்தது. ஐரோப்பாவில் தேறிய மாதிரி இங்கும் பலிக்கும் என்ற எதிர்பார்ப்பு தவறென்று அன்று சொல்லியிருக்க முடியாது.

மூன்று இடங்களில் அது பிசகியது. நியூ ஜெர்சியின் விலை 2019இல் குறிக்கப்பட்டது; பிரிட்டனில்போல உண்மையான பணவீக்கத்தோடு சேர்ந்து ஏறவில்லை. கட்டுமானச் சாமான்களை வாங்கும் நேரம் வந்தபோது எஃகு விலையும் டர்பைன் விலையும் வேறு. 2022 தொடக்கத்தில் பூச்சியத்தை ஒட்டியிருந்த அமெரிக்க வட்டி விகிதம் அடுத்த ஆண்டு நடுவில் 5 விழுக்காட்டைத் தாண்டியது. எரிபொருள் விலையிலிருந்து தப்பித்த நிறுவனம் இங்கேதான் வட்டியிடம் மாட்டியது. மூன்றாவதாக, ஐரோப்பாவில் இருபது ஆண்டுகளில் உருவான கப்பல்களும் துறைமுகங்களும் தூண் செய்யும் ஆலைகளும் அமெரிக்காவில் இல்லை. ஒரு கப்பல் தாமதமானால் ஒரு பருவமே போய்விடும்.

2023 நவம்பர் 1 அன்று ஓஷன் விண்ட் 1, 2 இரண்டையும் நிறுத்துவதாக அறிவித்தார்கள். அந்த ஆண்டின் முதல் ஒன்பது மாதங்களில் ஏட்டிலிருந்து வெட்டிய சொத்து மதிப்பு 2,840 கோடி க்ரோன். அடுத்த பிப்ரவரியில் ஈவுத்தொகை நிறுத்தம், 600 முதல் 800 வேலைகள் குறைப்பு, நார்வே, ஸ்பெயின், போர்ச்சுகல் சந்தைகளிலிருந்து விலகல்.

ஓர்ஸ்டெட் மட்டும் தவறிழைத்தது என்றால் கதை எளிது. 2023 செப்டம்பரில் பிரிட்டன் நடத்திய ஏலத்தில் கடல் காற்றாலைக்கு ஒரு நிறுவனம்கூட விலை கேட்கவில்லை. 37.35 என்ற எண், மலிவு வட்டிக் காலத்தின் கடைசி எண். 2024 ஏலத்தில் ஹார்ன்சீ 4 திட்டத்துக்கு 58.87 பவுண்டு உறுதி விலை கிடைத்தது; அதுவும் கட்டுப்படியாகாதென்று 2025 மே மாதம் ஓர்ஸ்டெட் திட்டத்தை இருந்த நிலையிலேயே நிறுத்தியது.

பிறகு அரசியல். 2025 ஆகஸ்ட் 22 அன்று ரோட் ஐலண்ட் கடலில் 65 டர்பைன்களில் 45 நட்டு முடித்திருந்த ரெவல்யூஷன் விண்ட் வேலையை நிறுத்துமாறு அமெரிக்கக் கூட்டாட்சி அரசு உத்தரவிட்டது. சரியாக ஒரு மாதம் கழித்து நீதிமன்றம் அந்த உத்தரவைத் தடுத்தது. ஆனால் நிறுத்த உத்தரவுக்கு முன்பே அடி விழுந்துவிட்டது. நியூயார்க்கின் சன்ரைஸ் விண்ட் திட்டத்தில் பங்கு விற்கலாம் என்று வைத்திருந்த கணக்கு, அமெரிக்க நிலவரத்தால் நடக்காமல் போனது. வாங்க ஆளில்லாமல் சக்கரம் நின்றதும், பழைய பங்குதாரர்களிடமே 6,000 கோடி க்ரோன் கேட்டுப் போக வேண்டியதாயிற்று. 50.1 விழுக்காடு வைத்திருக்கும் டென்மார்க் அரசு தன் பங்குக்குப் பாதியைப் போட்டது. அரசு பெரும்பான்மைப் பங்குதாரராக இல்லாதிருந்தால் இந்தப் பணம் இவ்வளவு சீக்கிரம் திரண்டிருக்குமா என்பது ஐயமே.

வேறு கை, வேறு முடிவு

ஒப்பிட ஒன்று. 2020இல் பிரிட்டனின் எண்ணெய் நிறுவனமான பி.பி., எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 2030க்குள் 40 விழுக்காடு குறைப்பதாக அறிவித்தது. 2023இல் அதை 25 ஆக்கியது. 2025 பிப்ரவரியில் இலக்கையே விட்டு, எண்ணெய் எரிவாயுவில் ஆண்டுக்கு 1,000 கோடி டாலர் போடுவதாகச் சொன்னது. பி.பி.க்குத் திரும்பிப் போக ஒரு தொழில் இருந்தது. ஓர்ஸ்டெட் தன்னுடையதை 2017இல் விற்றிருந்தது. சிக்கலில் அகப்பட்டபோது பின்வாங்க இடமில்லாமல், இருந்த தொழிலையே சீர்செய்ய வேண்டியிருந்தது. அது பலமா பலவீனமா என்பதற்கு, கேட்பவர் கையில் எந்த நிறுவனத்தின் பங்கு இருக்கிறதோ அதைப் பொறுத்துப் பதில் மாறும்.

2025 பிப்ரவரியில் தலைமைக்கு வந்த ராஸ்மஸ் எர்போ, நிறுவனத்தை ஐரோப்பாவை நோக்கித் திருப்பியிருக்கிறார். 2027க்குள் சுமார் 2,000 வேலைகள் குறையும். 2025 நவம்பரில் கட்டுமானத்தில் இருக்கும் ஹார்ன்சீ 3இன் பாதியை அமெரிக்க முதலீட்டு நிறுவனமான அப்போலோ சுமார் 650 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. ஆக, பாதியை விற்று அடுத்ததைக் கட்டும் ஏற்பாடு பிழைத்திருக்கிறது. அன்று அன்ஹோல்டின் பாதியை வாங்கிய ஓய்வூதிய நிதியங்களின் இடத்தில் இப்போது தனியார் முதலீட்டு நிறுவனம் உட்கார்ந்திருக்கிறது; அது எதிர்பார்க்கும் ஆதாயம் வேறு, அதன் பொறுமையும் வேறு. இனி ஏலத்தில் ஓர்ஸ்டெட் எழுதும் விலையில் அதுவும் சேரும்.